மலைக்கு வந்த பங்கு

வட ஆற்காட்டுச் சீமையில் தெருக்கூத்துக்கு என்று ஒரு நியாயம் உண்டு. கூத்து வைப்பது ஓர் ஊர். பார்ப்பது பத்து ஊர். வாத்தியாருக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் வைத்தவர்கள் முன் வரிசையில் பாய் விரித்து உட்காருவார்கள். அடுத்த ஊர்க்காரன் அவர்களுக்குப் பின்னால் துண்டை விரித்து உட்காருவான். பாரதக் கூத்தானால் திரௌபதி இருவருக்கும் சேர்ந்துதான் அழுவாள். முன்னால் இருப்பவனுக்குக் கொஞ்சம் மரியாதை கூடுதல், அவ்வளவுதான். பின்னால் இருப்பவனிடம் போய், "நீ வரி கொடுத்தாயா?" என்று கேட்கும் வழக்கம் கிடையாது.

பிறகு டூரிங் சினிமா வந்தது. கீற்றுக் கொட்டகை வந்தது. கொட்டகையைச் சுற்றித் தட்டி வந்தது. தட்டிக்கு ஒரு வாசலும், வாசலில் சீட்டுக் கிழிப்பவனும் வந்தார்கள். இதையும் அநியாயம் என்று சொல்ல முடியாது. படப்பெட்டிக்கு வாடகை கொடுத்தவன், மின்சார இயந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றியவன் வயிறு வளர்க்க வேண்டாமா? தரை டிக்கெட்டுக்குக் காசில்லாதவன் தட்டிக்கு வெளியே நின்று பாட்டையும் வசனத்தையும் கேட்டுவிட்டுப் போனான். காதுக்கு வேலி போட அன்றைக்கு யாருக்கும் வழி தெரியவில்லை.

கூத்து நியாயம், கொட்டகை நியாயம் என்று இந்த இரண்டையும் வைத்துக்கொள்வோம். விளையாட்டுப் போட்டிகளை டெலிவிஷனில் யார் காட்டுவது, யார் யாரோடு பங்கு போட்டுக்கொள்வது என்று நம் நாட்டில் முப்பது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு, சாரத்தில் இந்த இரண்டு நியாயங்களின் வழக்குத்தான். வழக்கு நடந்தது டெல்லியில்; வாதாடியவர்கள் கோடீசுவரர்களின் வக்கீல்கள். ஆனால் அதன் முடிவு எப்படிப்பட்டது என்பதை ஜவ்வாது மலைபோன்ற ஓர் இடத்தில் நின்று பார்த்தால்தான் நன்றாக விளங்கும்.

ஜவ்வாது மலை நீலகிரியைப்போலப் பெயரெடுத்த மலை அல்ல. கீழ்த்திசை மலைத்தொடரில் ஒரு துண்டு. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு இங்கேதான் பிறக்கிறது. ஜமுனாமரத்தூரைச் சுற்றியும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் பகுதிகளிலும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை. இவர்கள் தமிழ் பேசுபவர்கள். மலையை ஆள்பவர்கள் என்று தங்கள் பெயருக்குப் பொருள் சொல்பவர்கள். சாமையும் தேனும் புளியும் பலாவும் இந்த மலையின் செல்வம்.

இந்த மலைக்கும் வானத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. ஊர் வெளிச்சம் எட்டாத நல்ல இருட்டைத் தேடி வந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு, இங்குள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் இங்கே முதல் தொலைநோக்கி வேலை செய்யத் தொடங்கியது. 1986-ல் 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியும் நிறுவப்பட்டு, அதற்கு முன்பே மறைந்துவிட்ட அந்த அறிஞரின் பெயரைத் தாங்கிக்கொண்டது. கோடானுகோடி மைலுக்கு அப்பாலிருந்து வரும் நட்சத்திர வெளிச்சம் இந்த மலைக்கு ஒரு தடையுமில்லாமல் வந்து சேர்ந்தது. பக்கத்து ஜில்லாத் தலைநகரிலிருந்து டெலிவிஷன் வருவதுதான் பிரம்மப் பிரயத்தனமாக இருந்தது!

காரணம் எளியது. தரைக் கோபுரத்திலிருந்து புறப்படும் டெலிவிஷன் அலை, ஏறக்குறைய கண்பார்வை போகும் வழியில் போவது. நடுவில் ஒரு முகடு நின்றுவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்துக் குடிசைக்கு அது நிழல். வானொலியின் மத்திய அலைக்கு இந்தச் சங்கடம் குறைவு. அது வளைந்து நெளிந்து வந்துவிடும். எனவே டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி சோதனையாகத் தொடங்கிய டெலிவிஷன், 1975-ல் சென்னைக்கு வந்து, 1982-ல் ஆசிய விளையாட்டையொட்டி வர்ணமும் பூசிக்கொண்ட பிறகுகூட, மலை மடிப்புகளில் இருந்தவர்களுக்குக் கிரிக்கெட் என்பது காதால் பார்க்கும் ஆட்டமாகவே இருந்தது. அப்துல் ஜப்பார் போன்ற வர்ணனையாளர்கள் தமிழில் பந்து வீசினார்கள். கேட்டவர்கள் மனத்துக்குள் மட்டை பிடித்தார்கள்.

அந்தக் காலத்தில் பங்கு போடுவது என்ற பேச்சே எழவில்லை. நாட்டில் இருந்தது ஒரே ஒரு டெலிவிஷன், அதுவும் சர்க்காருடையது. தூர்தர்ஷன் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆட்டத்துக்கு விலை என்று ஒன்று இருப்பதாக அதன் அதிகாரிகள் நினைக்கவே இல்லை. ஆட்டத்தைக் காட்டுவது தாங்கள் செய்யும் உபகாரம் என்றே நினைத்தார்கள். கூத்து நியாயத்தின் ஒரு குறையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கூத்தாடியின் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வியை அது சௌகரியமாக மறந்துவிடும்.

கேள்வி 1993-ல் எழுந்தது. வங்காளக் கிரிக்கெட் சங்கம் தன் வைர விழாவுக்காக அந்த ஆண்டு நவம்பரில் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்தியது. ஒளிபரப்பு உரிமையை டிரான்ஸ் வேர்ல்ட் இன்டர்நேஷனல் என்ற அந்நியக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. தூர்தர்ஷனுக்கு ரோஷம் வந்தது. அந்தக் கம்பெனிக்குப் பணம் கொடுத்துப் படம் வாங்கிக் காட்ட மாட்டோம் என்றது. தானே வந்து படம் பிடிக்க வேண்டுமானால் ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் சங்கம்தான் தர வேண்டும் என்றும் சொன்னது. கம்பெனியின் காமிராச் சாதனங்களோ பம்பாயில் சுங்க இலாகாவின் கையில் சிக்கிக்கொண்டன. 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை எடுத்து வைத்து, வானத்தில் அலை எழுப்பும் உரிமை சர்க்காருக்கே என்று வாதம் செய்தார்கள். வெள்ளைக்காரன் தந்திக் கம்பத்துக்காகப் போட்ட சட்டம், டெண்டுல்கரின் மட்டைக்குக் குறுக்கே வந்து நின்றது!

சுப்ரீம் கோர்ட்டின் இடைக்கால உத்தரவினால் ஆட்டங்கள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. நவம்பர் 24-ஆம் தேதி கல்கத்தாவில் அரையிறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு வேண்டியது 6 ரன்கள். பந்தை வாங்கிக்கொண்ட டெண்டுல்கர் 3 ரன்கள் மட்டுமே கொடுத்தார். இந்தியா 2 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஒரு ஓவர் வீடுகளில் தெரியாமல் போயிருந்தால், வழக்கில் வென்றவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் அதை எப்படி ஈடுசெய்ய முடியும்? நேற்றைய ஆட்டத்தை இன்றைக்குப் பார்ப்பது ஆறின காப்பியைக் குடிப்பது மாதிரி. விளையாட்டு விஷயத்தில் நேரம்தான் சரக்கு.

1995 பிப்ரவரி 9-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி ஆகிய மூவரும் சொன்னதன் சாரம் இது: வானலைகள் பொதுச் சொத்து. அவை சர்க்காரின் ஏகபோகமும் அல்ல, பணம் படைத்த தனியாரின் ஏகபோகமாகவும் ஆகிவிடக் கூடாது. பார்க்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் அறிந்துகொள்ளும் உரிமை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இரு பக்கமும் சாராத ஒரு பொது அமைப்பு வானலைகளைக் கவனிக்க வேண்டும். வழக்குப் போட்டவர்கள் காசு பற்றிப் பேச வந்தார்கள்; கோர்ட்டோ வானத்துக்கு யார் சொந்தக்காரர் என்று சொல்லி அனுப்பியது. ஏரித் தண்ணீர் ஊருக்குச் சொந்தம் என்று நம் பாட்டனார்கள் சொன்னதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் ஏரி பொது என்று சொல்லிவிட்டால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் போய்விடுமா? தீர்ப்புக்குப் பிறகு ஏலம் சூடு பிடித்தது. தனியார் சானல்கள் கோடிகளை நீட்டின, தூர்தர்ஷன் பின்தங்கியது. 2004 மார்ச்சில் இந்திய அணி பல வருஷங்களுக்குப் பிறகு முழுத் தொடர் ஆடப் பாகிஸ்தானுக்குப் போனபோது, உரிமை டென் ஸ்போர்ட்ஸ் என்னும் கட்டணச் சானலிடம் இருந்தது. நாடே எதிர்பார்த்த ஆட்டத்தைக் கேபிள் இல்லாத வீடுகள் பார்க்க வேண்டாமா என்று பொதுநல வழக்கு எழுந்தது நம் சென்னை ஹைகோர்ட்டில்தான். தூர்தர்ஷனுக்கும் படத்தைக் கொடு என்று ஹைகோர்ட் சொன்னது. விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்தச் சானலின் முத்திரையோடும் விளம்பரங்களோடும் படத்தை அப்படியே தூர்தர்ஷன் காட்டலாம் என்று இடைக்கால ஏற்பாடு ஆயிற்று. கராச்சியில் இந்தியா 5 ரன்னில் தப்பியதையும், முல்தானில் சேவாக் 309 ரன் குவித்ததையும் ஏழை வீடுகளும் பார்த்தன.

2007 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்தபோது தகராறு மறுபடி முளைத்தது. இந்த முறை உரிமை நிம்பஸ் கம்பெனியிடம். டெல்லி ஹைகோர்ட்டில் நடந்த வழக்கில் ஒரு விசித்திரமான சமரசம் ஏற்பட்டது: தூர்தர்ஷன் காட்டலாம், ஆனால் 7 நிமிஷம் தாமதமாக. பணம் கட்டிய வீட்டில் விக்கெட் விழுந்து 7 நிமிஷம் கழித்து, கட்டாத வீட்டில் அதே விக்கெட் விழும். பக்கத்து வீட்டுக் கூச்சலைக் கேட்டுவிட்டு, என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். படத்தைக் கொடுத்துவிட்டு, பதைபதைப்பை மட்டும் பிடுங்கிக்கொள்ளும் யோசனை! பந்தியில் உட்கார்ந்த இருவரில் ஒருவனுக்கு மட்டும் சாதத்தை ஆறவைத்துப் பரிமாறினால் எப்படி இருக்கும்?

அந்த 7 நிமிஷம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்றால் மிகையாகாது. பிப்ரவரியிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. மார்ச் மாதத்தில் அது பார்லிமெண்டின் சட்டமாயிற்று. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று சர்க்கார் அறிவிக்கும் போட்டிகளை ஒருவர் நேரடியாகக் காட்டினால், அதே கணத்தில், தம் விளம்பரங்களை நீக்கிவிட்டு, அந்தப் படத்தைப் பிரசார் பாரதிக்கும் தர வேண்டும். தூர்தர்ஷன் அதைத் தன் தரைவழி ஒளிபரப்பிலும், வீட்டுக் கூரைத் தட்டுக்கு நேராக அனுப்பும் ஒளிபரப்பிலும் காட்டலாம். அப்படிக் காட்டும்போது கிடைக்கும் விளம்பர வருமானத்தில் உரிமை வாங்கியவருக்கு 75 பங்குக்குக் குறையாமல் போக வேண்டும், தூர்தர்ஷனுக்கு 25. வானொலியில் ஆளுக்குப் பாதி. கூத்து நியாயமும் கொட்டகை நியாயமும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட இடம் இது.

பங்கு போடுவது என்றால் எல்லா நாட்டிலும் இதே பொருள்தான் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே கால்பந்து என்பது கையால் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி முட்டி மோதும் ஆட்டம்; நம் கால்பந்து அல்ல. 1961-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். அணிகள் தனித்தனியே பேரம் பேசாமல் எல்லா ஆட்டங்களையும் ஒன்றாகக் கட்டி டெலிவிஷன் கம்பெனிக்கு விற்கலாம் என்றது அது. ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்டார். கூட்டமைப்பின் தலைவர் பீட் ரோஸெல், 1962-ல் வருஷத்துக்கு 46.5 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். கம்பெனிக்கு விற்றார். நியூயார்க் மகாநகரத்து அணிக்கும் கிரீன் பே என்ற சிற்றூர் அணிக்கும் அந்தப் பணம் சரிசமமாகப் பிரிந்தது. சின்ன ஊர் பிழைத்தது அதனால்தான்.

போட்டிக் கூட்டமைப்பு ஒன்றும் இருந்தது, அது என்.பி.சி. கம்பெனிக்கு விற்றிருந்தது. இரண்டு கூட்டமைப்புகளின் வெற்றியாளர்களும் 1967 ஜனவரி 15-ஆம் தேதி முதன்முதலாக மோதியபோது, காட்டுவது யார்? இரண்டு பேரும் காட்டினார்கள். காமிரா சி.பி.எஸ்.ஸினுடையது, வர்ணனை அவரவருடையது. ஒரு சாமிக்கு இரண்டு ஓதுவார்! பிற்பாடு அது நம் கோயில் மண்டகப்படி மாதிரி ஒழுங்காகிவிட்டது. பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று ஆட்டங்களில் இன்ன நாள் இன்னாருடையது. தேரோட்டம் போன்ற இறுதி ஆட்டம் மட்டும் வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்து.

ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அங்கே பங்கு என்பது விற்பவர்களும் வாங்குபவர்களும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் பங்கு. பார்ப்பவனுக்கு உரிய பங்கைப் பற்றிச் சட்டம் பேசியது அபூர்வம். உள்ளூர் மைதானத்தில் 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட்டெல்லாம் விற்றுவிட்டால், அந்த ஆட்டத்தை உள்ளூர் டெலிவிஷனில் மறைக்கக் கூடாது என்று 1973-ல் சொன்னது. இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. 2024 ஜனவரி 13-ஆம் தேதி கான்ஸஸ் சிட்டியும் மயாமியும் மோதிய வெளியேற்றுச் சுற்று ஆட்டம், இணையத்தில் சந்தா கட்டியவர்களுக்கே கிடைத்தது. அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கு மட்டும் சாதாரண டெலிவிஷனில் விலக்கு. நடுவே இருந்த தேசம் முழுவதும் தட்டிக்கு வெளியே நின்றது. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், நம் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் லேசானதல்ல.

நம் நாட்டுக் கதை அதோடு சுபமாக முடிந்துவிடவும் இல்லை. தூர்தர்ஷன் சானல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று வேறொரு சட்டம், 1995-ஆம் வருஷத்தது, இருக்கிறது. அந்த வழியாக, இலவசமாய்க் கொடுத்த ஆட்டம் கேபிள் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. விளையாட்டுச் சானலுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. கிரிக்கெட் வாரியமும் உரிமை வாங்கிய கம்பெனியும் டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போய் 2015-ல் வென்றார்கள். 2017 ஆகஸ்ட் 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பகிர்ந்து கொடுத்த படம் தூர்தர்ஷனின் தரைவழிக்கும், மாதச் சந்தா இல்லாத அதன் இலவசத் தட்டுக்கும் மட்டுமே உரியது. தனியார் கேபிள் வழியாகப் போகக் கூடாது.

இங்கேதான் மலைக்கும் நகரத்துக்கும் இடம் மாறியது. வேலூரில் கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டும் ஒரு குமாஸ்தா, தூர்தர்ஷனைத் திருப்பினால் அங்கே இந்தியா ஆடும் ஆட்டம் இராது. விளையாட்டுச் சானலுக்குத் தனியே கட்ட வேண்டும். ஜவ்வாது மலையில் ஒரு சாமைக் கொல்லைக்காரர், ஒரே தடவை செலவழித்துத் தூர்தர்ஷனின் இலவசத் தட்டைக் கூரையில் பொருத்திவிட்டால், அவருக்கு அதே ஆட்டம் காசில்லாமல் வரும். தட்டுக்குத் தேவை கோபுரமல்ல. தென்கிழக்கே உயரத்தில் கொஞ்சம் மறைவில்லாத வானம். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளுக்கு மலை முகடு ஒரு பொருட்டா? தரைக் கோபுரங்களை ஒவ்வொன்றாக 2022-க்குள் தூர்தர்ஷன் பெரும்பாலும் மூடிவிட்டது. எனவே சட்டம் சொன்ன இரண்டு வாய்க்கால்களில் ஒன்று வற்றிவிட்டது. மிச்சம் இருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான்.

கொட்டகை நியாயத்தையும் முழுக்கக் கேட்டுவிட வேண்டும். உரிமை வாங்கியவர் கொட்டும் பணம் சின்னத் தொகையா? 2022-ல் ஐ.பி.எல். போட்டிகளின் ஐந்து வருஷ உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. வாங்கிய சரக்கை இலவசமாகக் கொடு என்றால் அடுத்த முறை யார் ஏலம் கேட்பார்கள்? ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? வாதம் நியாயமானதுதான். ஆனால் இந்தியா என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு பதினொரு பேர் இறங்கும்போது, அந்தப் பெயர் ஏலத்தில் வாங்கியதல்ல. அதில் மலைக்காரருக்கும் ஒரு பாத்தியதை உண்டு. ஐ.பி.எல். வேறு, அது தனிக் கொட்டகை. சட்டப் பங்கு அதற்கு இல்லை. காட்டுகிறவர்களாக மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. அதில் நமக்குக் கோபமில்லை. பொது எது, தனிச் சொத்து எது என்று கோடு கிழித்துக்கொள்வது நல்லதே.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஜனங்கள் இப்போது ஆட்டத்தைப் பெட்டியில் பார்ப்பதை விட்டுக் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2007-ஆம் வருஷத்துச் சட்டமோ தரைவழியையும் தட்டையும் வானொலியையும் பற்றித்தான் பேசுகிறது. கைப்பேசியில் இலவசப் பங்கு கொடு என்று சொல்லவில்லை. அதோடு, எந்தப் போட்டி தேசிய முக்கியத்துவம் உடையது என்பதைச் சர்க்காரின் கெஜட் அறிவிப்புத்தான் தீர்மானிக்கிறது. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, இந்திய ஆடவர் அணியின் ஒருநாள் ஆட்டங்கள், உலகக் கால்பந்தின் இறுதிக் கட்டங்கள், சந்தோஷ் டிராபியின் அரையிறுதியும் இறுதியும் என்று நீளும் பட்டியல் அது. சேர்க்கவும் நீக்கவும் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒரு புதிய அறிவிப்புப் போதும்.

மலைக்காரருடைய பங்கை அவர் கேட்டு வாங்கவில்லை. இரண்டு பணக்காரர்களின் சண்டைக்கு நடுவே, கோர்ட்டு சொன்ன ஒரு நல்ல வார்த்தையிலிருந்து அது பிறந்தது. கேட்காமல் வந்த பங்கு சொல்லாமல் போய்விடவும் கூடும். அப்படிப் போனால் மலையிலிருந்து யாரும் டெல்லிக்கு வக்கீலை அனுப்பப் போவதில்லை. ஆகையால் பத்திரிகை படிக்கிற, சந்தா கட்டுகிற, தட்டிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற நாம்தான், கெஜட்டில் அந்தப் பட்டியல் மாறும்போதெல்லாம் அதை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.